சாயாத கொக்கு

காலை மணி 10.40.

இருபத்திரண்டாவது இரும்புக் குண்டு தொட்டிக்குள் விழுந்தது. இயந்திரம் சாயவில்லை.

விசாரணைக் குமாஸ்தா ஸ்ரீனிவாசன் இருபத்து மூன்றாவதைப் போட்டார். நிமிர்ந்து ஒருமுறை ஜட்ஜைப் பார்த்துவிட்டு இருபத்து நான்காவதையும் போட்டார். அதுதான் கடைசி. மேஜைமேல் நின்ற அந்தச் சின்ன இயந்திரம் தன் நீண்ட கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"கொக்கு நல்லாத்தானய்யா நிக்கி!" என்று சிரித்தார் கம்பெனி மானேஜர் குற்றாலலிங்கம்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சப்-இன்ஸ்பெக்டர் திரவியத்துக்குக் காதுமடல் வரை சூடேறியது. மூன்று மாதத்துக்கு முன்னால், கல்லாற்றின் குறுக்கே தடுப்பணை வேலை நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த போலீஸ்காரர் அவர். கவிழ்ந்த இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஐந்து பேரை வெளியே எடுக்க அவரும் கை கொடுத்திருந்தார். ஐந்து பேரில் ஒருவருக்கும் உயிர் இல்லை.

அது சாதாரண இயந்திரம் இல்லை. சக்கரம் கிடையாது. இரண்டு பெரிய இரும்புப் பாதங்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் எடுத்து வந்தது. அதன் நடையைப் பார்த்துக் கூலியாட்கள் ‘கொக்கு’ என்று பேர் வைத்தார்கள். 1952 நவம்பரில் ஒரு மத்தியானம் கான்கிரீட் தொட்டியைத் தூக்கும்போது கொக்கு தலைகுப்புற விழுந்தது. டிரைவர் வேலப்பனும், கீழே சிமென்ட் சுமந்த நான்கு பெண்களும் செத்தார்கள். வேலப்பன் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்றது கம்பெனி. ஒன்பதே நாளில் உடைந்த இயந்திரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பாக விற்றும் விட்டது.

அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு மனிதர் அங்கே போய்வந்திருந்தார். கரமனை ஆற்றோரம் பட்டறை வைத்திருந்த வேதமாணிக்கம். கடையில் கிடைக்காத விசித்திர இயந்திரங்களைச் சின்னதாகச் செய்து கொடுப்பது அவர் தொழில். கல் உடைக்கும் ஆலை, ஆற்றில் தூண் இறக்கும் சுத்தியல், துறைமுகத்தில் மணல் வாரும் கப்பல் என்று பொருட்காட்சிக்காரர்களும் இன்ஜினீயர்களும் கேட்டதையெல்லாம் பித்தளையிலும் தகரத்திலும் செய்வார். ஓடுகிற இயந்திரம் என்றால் அவர் மாதிரியும் ஓடும்.

வேலப்பனின் மனைவி பொன்னம்மை அழுது கேட்டதன் பேரில் அவர் நான்கு நாள் இடிபாட்டுக்குள் கிடந்து ஒவ்வொரு துண்டையும் அளந்தார். இயந்திரத்தின் கையில் பன்னிரண்டு அடி புதிதாக ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தது. முன்னால் கை நீண்டால் பின்னாலுள்ள எதிர் எடைப் பெட்டியில் பாரம் கூட்ட வேண்டும். அது கூட்டப்படவில்லை. அளந்த அளவுக்கு, ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில், எடையும் அதே விகிதத்தில் வரும்படி, பத்து வாரத்தில் மாதிரியைச் செய்து முடித்தார். இருபத்து நான்கு குண்டு போட்டால் வழக்கமான ஒரு தொட்டி கான்கிரீட்டுக்குச் சமம். பட்டறையில் முப்பது தடவை போட்டுப் பார்த்தார். முப்பது தடவையும் இருபத்திரண்டாவது குண்டில் கொக்கு கவிழ்ந்தது.

இன்று, 1953 பிப்ரவரி 18, புதன்கிழமை, பழவங்காடிக்குப் பின்னால் பழைய பங்களா ஒன்றின் கூடத்தில், ஜட்ஜுக்கு முன்னால், அது கவிழவில்லை.

"வேதமாணிக்கம், இது எந்தா?" என்றார் ஓய்வுபெற்ற ஜட்ஜ் மேனோன். "வழக்கமான பாரத்துல கவிழும்னு சத்தியம் பண்ணிச் சொன்னீர். கவிழலியே?"

"யாரோ என் மாதிரியில கை வச்சிருக்கான் சாரே!" வேதமாணிக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "நேத்து சாயங்காலம் இங்க கொண்டுவச்சப்பமும் போட்டுக் காட்டினேன். குமாஸ்தா பாத்தாரு. கவிழ்ந்தது. ராத்திரிக்குள்ள எவனோ மாத்திட்டான்!"

"யாரு மாத்துவா?" குற்றாலலிங்கம் எழுந்தார். "கண்ணாடிக் கூட்டுக்குப் போலீஸ் முத்திரை. வாசல்ல போலீஸ் காவல். முத்திரையை இப்ப ஜட்ஜையா முன்னாலதான் உடைச்சாங்க. அப்ப எஸ்.ஐ. ஐயாதான் மாத்தினாரோ? கேட்டுச் சொல்லும் வே."

ஜட்ஜ் கையை உயர்த்தினார். "மதி, போதும். மாதிரியை மறுபடியும் மூடி முத்திரை வைக்கட்டும். நாலு மணிக்கு மறுபடி கூடுவோம். அதுக்குள்ள காரணம் காட்ட முடியலேன்னா பாரம் ஏத்தினது டிரைவர் தப்புன்னு எழுதுவேன். பொய்ச் சாட்சின்னு வேதமாணிக்கத்து மேல நடவடிக்கையும் உண்டு."

குண்டுகளை வெளியே எடுத்ததும், திரவியம் கண்ணாடிக் கூட்டை இறக்கி அரக்கை உருக்கி வைத்தார். அரக்கு விரலில் பட்டுச் சுட்டது. அவர் உதறவில்லை.

காலை 11.20.

வராந்தாவின் கோடியில், மற்றவர்களோடு உட்கார இடம் கொடுக்காததால், தரையில் உட்கார்ந்திருந்தாள் பொன்னம்மை. திரவியத்தைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது.

"ஏமானே, அவருக்க பேருல எழுதிருவாங்களா?"

"நாலு மணி வரைக்கும் எழுத மாட்டாங்க."

"செத்தவன் வந்து பேச மாட்டான்னுதானே இந்த ஆட்டம் ஆடுதாங்க?"

 திரவியம் தூண் ஓரமாகப் போய் நின்று, காலையில் நடந்ததை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தார்.

பத்தேகாலுக்கு ஜட்ஜ் வந்தார். முந்தின சாயங்காலம் வைத்த முத்திரை இரண்டும் முழுசாக இருந்தன. அதில் சந்தேகமே இல்லை. திரவியத்தின் மோதிர முத்திரை, அதன் ஓரத்துக் கீறல் உட்பட. கண்ணாடிக் கூட்டைத் தூக்கினார்கள். வேதமாணிக்கம் ஆற்றங்கரைபோல் செய்து வைத்திருந்த பலகையில் கொக்கு ஜட்ஜைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கையின் நுனியிலிருந்து கயிற்றில் தொங்கிய காலித் தொட்டி, பலகையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கூழாங்கல்லுக்கு நேர் மேலே நின்றது. ஸ்ரீனிவாசன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் விசாரணைக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமிக்கப்பட்ட அழகியநம்பி வந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினீயர். வெள்ளைத் தலைப்பாகை, மென்மையான குரல். ‘கல்லாற்று வேலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்’ என்று ஜட்ஜே அவரை அறிமுகம் செய்திருந்தார். ஒரு வெல்வெட் பெட்டியிலிருந்து மட்டம் பார்க்கும் தம் ரசமட்டத்தை எடுத்து, கொக்கின் கை நீண்ட திசையில் மேஜைமேல் வைத்தார். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக் குமிழ் நடுக்கோட்டில் நின்றது. ஜட்ஜைக் கூப்பிட்டுக் காட்டினார். ‘மேஜை மட்டம். ஆரம்பிக்கலாம்’ என்றார். ரசமட்டம் பெட்டிக்குள் போயிற்று.

அதோடு மேற்கு ஜன்னல். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஜட்ஜ் இரண்டு தடவை எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தார். பியூன் கட்டையைத் தேடிக் கிடைக்காமல், கடைசியில் சணல் கயிற்றால் கட்டினான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ரசமட்டம் வைத்த காட்சியில் என்னவோ குறைந்ததுபோல் திரவியத்துக்கு உறுத்தியது. போலீசில் சேருவதற்கு முன் மூன்று வருஷம் அவர் கொத்து வேலை பார்த்தவர். என்ன குறைந்தது என்று பிடிபடவில்லை. பிடிபடாத கோபத்தில் தூணில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

பகல் 12.05.

கூடம் காலியாக இருந்தது. மாதிரி நின்ற மேஜையை இப்போது சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். தரை வரை தொங்கிய பச்சைத் துணி, கண்ணாடிக் கூடு, இரண்டு முத்திரை எல்லாம் அப்படியே இருந்தன. திரவியம் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார்.

எதிர் எடைப் பெட்டியின் பற்றவைப்பு பிசிறில்லாமல் இருந்தது. ஆணிகளில் கீறல் இல்லை. கையில் வளைவு இல்லை. ஒருவரும் மாதிரியைத் தொடவில்லை. வேதமாணிக்கம் சொல்வது பொய்தானா?

பிறகு தொட்டியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டி வெள்ளைக் கல்லுக்கு மேலே இல்லை. அரை அங்குலம் தள்ளி, பலகையில் வைத்திருந்த ஒரு சிவப்புப் பொட்டுக்கு நேர் மேலே தொங்கியது.

வெளியே போய் வேதமாணிக்கத்தைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தச் சிவப்புப் பொட்டு எதுக்கு?"

"காலித் தொட்டி தொங்குற எடம் சாரே. பட்டறையில நூல்ல தூக்குக் குண்டு கட்டித் தொங்கவிட்டுக் குறிச்சேன்."

"காலையில தொட்டி எங்க தொங்கிச்சு?"

"ஆருக்குத் தெரியும்? எனக்குக் கையும் காலும் ஓடல. சாட்சிக்காரன் கிட்ட வரப்பிடாதுன்னு தடுப்புக் கயித்துக்கு அந்தப் பக்கமா நிறுத்திட்டாங்க. ரசமட்டம் வச்சுப் பாக்கணும்னு நான் சொன்னதுக்கு, இன்ஜினீயரே பாக்குறாரு, நீ சும்மா இருன்னுட்டாங்க."

 திரவியம் திரும்பிக் கூடத்துக்குள் போனார். மேற்கு ஜன்னல் கதவு அடிக்காமல் நின்றது. சணல் கயிறு அவிழ்ந்து தொங்க, கதவுகளின் அடியில் இரண்டு தேக்குக் கட்டைகள் செருகியிருந்தன. முக்கால் அங்குலக் கனம். ஒன்றை உருவிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் சிவப்புத் தரையின் மெழுகு அப்பியிருந்தது. மறு பக்கத்தில் வட்டமாக ஒரு பள்ளம், கனமான எதையோ தூக்கி நிறுத்திய தடம்.

பகல் 12.30.

"கூடத்துச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டேதான்." ஸ்ரீனிவாசன் சம்புடத்தைத் திறந்தபடி சொன்னார். தயிர் சாதம் கையில் இருந்தது. "ஏன் இப்படி முறைக்கிறேள்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"காலையில எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"ஏழரை. பெருக்கறவ வந்தா, பெருக்கினா, போனா."

"அப்புறம்?"

"எட்டு மணிக்கு மானேஜர் குற்றாலலிங்கம் கட்டுக் கட்டா ஃபைலைக் கொண்டுவந்து வெச்சார். கூட்டைச் சுத்திச் சுத்தி வந்தார். பொம்மை நன்னா இருக்குன்னு கேலி பண்ணினார். போயிட்டார்."

"அப்புறம்?"

"எட்டேகாலுக்கு இன்ஜினீயர் சார் வந்தார். பேப்பர் படிச்சிண்டு உக்காந்திருந்தார். நான் எங்காத்துக்குப் போய்க் குளிச்சுட்டு ஒன்பதரைக்கு வந்தேன். அப்பவும் அவர் மட்டும்தான் இருந்தார். கூட்டை யாராவது தொட்டா வாசல்லே உம்ம கான்ஸ்டபிள் பார்த்திருப்பான். கண்ணாடிக் கூடு அவனுக்கு நேரேதானே இருக்கு?"

"கூட்டைத்தான் பார்ப்பான். துணிக்கு அடியில பார்க்க மாட்டான். ஜன்னல் கட்டை காலையில ஏன் கிடைக்கல?"

"அதான் தெரியலை. நேத்து இருந்தது. இன்னிக்கு ஜட்ஜ் முன்னாடி மானம் போச்சு. இப்போ பார்த்தா ஜன்னல்லேயே இருக்கு!"

"எப்ப பாத்தீங்க?"

"மேஜையை நகர்த்தினப்புறம்."

"மேஜையை நகர்த்தச் சொன்னது யாரு?"

"இன்ஜினீயர் சார்தான். வழியிலே கிடக்கு, யாராவது இடிச்சுடுவா, சுவரோரமாப் போடுங்கோன்னார். நானும் பியூனுமாத் தூக்கிப் போட்டுட்டு, கீழே கூடப் பார்க்காம வெளியே வந்துட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்னு திரும்பி உள்ளே போனார்." ஸ்ரீனிவாசனின் கை சாதத்தில் நின்றது. "ஏன் கேக்கறேள்?"

 காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது இப்போது திரவியத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தவுடனே கோபம் இரண்டு மடங்காக ஏறியது.

"இன்ஜினீயர் சாப்பிடப் போயிருக்காரா?"

"ஆமாம். நாலு மணிக்கு வந்துடுவார்."

"பெட்டி?"

"கையோடதான் கொண்டுபோனார். அதை விட்டுப் பிரியவே மாட்டார்."

பகல் 1.15.

பொன்னம்மை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. திரவியம் அவள் எதிரே படியில் உட்கார்ந்தார்.

"வேலப்பன் அந்தக் கையை நீட்டினதைப் பத்தி வீட்டுல ஏதாவது சொன்னாரா?"

"சொல்லாம? ராத்திரி உறக்கமில்லாம கெடப்பாரு. கை நீண்டுபோச்சு, தூக்கும்போ பின்பாதம் தரையை விட்டு எழும்புது, எனக்குப் பேடியும் பயமுமாட்டு இருக்குன்னாரு. ஓட்ட மாட்டேன்னு மானேஜர்கிட்டச் சொல்லியிருக்காரு."

"மானேஜர் என்ன சொன்னாரு?"

"பட்டணத்துலேருந்து பெரிய ஆளு வந்து பாப்பாருன்னிருக்காரு. வந்தாராம். தலைப்பா கெட்டின ஒரு பெரியவரு. வெல்வெட்டுப் பெட்டியில மட்டம் பாக்குற சாமானம் வச்சிருந்தாராம். அதை மேல வச்சுப் பாத்துட்டு, மட்டமா இருக்கு, தைரியமா ஓட்டுன்னாராம்." அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அவரு சொன்ன பொறவு இவரு என்னத்தச் சொல்ல? ஓட்டினாரு. ஆறாவது நாளு செத்தாரு."

"இதை ஏன் இங்க சொல்லல?"

"ஆரு கேட்டா? மூணு மாசமா வராந்தாவுல இருத்திருக்காங்க. ஒருத்தன் வந்து கேக்கல."

திரவியம் எழுந்தார். "இன்னைக்கு உள்ள வந்து உட்காருங்க. யாராவது எழுந்திருக்கச் சொன்னா என்னைக் காட்டுங்க."

மாலை 4.00.

கூடம் நிரம்பியிருந்தது. பொன்னம்மை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குற்றாலலிங்கம் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். திரவியத்தின் பார்வையைக் கண்டதும் ஃபைலைப் பிரித்துக்கொண்டார்.

"காரணம் கிடைச்சதா?" என்றார் ஜட்ஜ்.

"கிடைச்சது சார். மாதிரியை யாரும் தொடல. வேதமாணிக்கம் பொய் சொல்லல. தப்பு மேஜையில."

அவர் சைகை காட்டினார். ஸ்ரீனிவாசனும் பியூனும் மேஜையைத் தூக்கிக் காலையில் இருந்த இடத்திலேயே, தரையில் கால்களின் தடம் பதிந்திருந்த நாலு இடத்தில் வைத்தார்கள். திரவியம் பச்சைத் துணியைச் சுருட்டி மேலே போட்டார். மேஜைக் கால்களின் நுனியில் வட்டமான பித்தளைக் குப்பிகள் மாட்டியிருந்தன.

"கொஞ்சம் தொட்டியைப் பாருங்க சார். எது மேல தொங்குது?"

ஜட்ஜ் குனிந்தார். "சிவப்புப் பொட்டு."

"குமாஸ்தா சார், காலையில குண்டு போடறதுக்கு முன்னால நீங்க எழுதின குறிப்பை வாசிங்க."

ஸ்ரீனிவாசன் காகிதத்தைப் புரட்டினார். "...‘காலித் தொட்டி வெள்ளைக் கூழாங்கல் ஒன்றின் நேர் மேலே தொங்குகிறது.’" வாசித்ததும் அவரே குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"முத்திரை உடையல. ஆனா தொட்டி அரை அங்குலம் நகர்ந்திருக்கு. கயிறு எப்பவும் நேர் கீழதான் தொங்கும் சார். அப்ப நகர்ந்தது கயிறு இல்ல, பலகை." திரவியம் ஜன்னலிலிருந்து இரண்டு தேக்குக் கட்டைகளையும் உருவிக்கொண்டு வந்தார். மேஜையின் முன்கால் இரண்டையும் பியூன் தூக்க, அடியில் செருகினார். கட்டையிலிருந்த வட்டப் பள்ளத்துக்குள் பித்தளைக் குப்பி அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

தொட்டி ஆடி அடங்கியது. வெள்ளைக் கல்லுக்கு நேர் மேலே.

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"முன்பக்கம் முக்கால் அங்குலம் தூக்கினா கொக்கு பின்னால சாஞ்சு நிக்கும். முன்னால விழாது. எத்தனை குண்டு போட்டாலும் தாங்கிக்கும். துணி தொங்கறதால கட்டை தெரியாது. கட்டை இங்க இருந்ததாலதான் காலையில ஜன்னல் அடிச்சுது."

"இதை யாரு வச்சாலும் வச்சிருக்கலாமே!" குற்றாலலிங்கம் குதித்தெழுந்தார். "காலையில நானும் வந்தேன்னு என் தலையில கட்டப் பாக்கீரா?"

"நீங்க வச்சிருந்தா ரசமட்டம் காட்டிக் கொடுத்திருக்கும்" என்றார் திரவியம். பிறகு மெதுவாகத் திரும்பினார். "இன்ஜினீயர் சார், உங்க ரசமட்டத்தை எடுத்துக் காலையில வச்ச மாதிரி வையுங்க."

அழகியநம்பி புன்னகை செய்தார். "தம்பி, இதெல்லாம் நாடகம்."

"வையுங்க." குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினான்.

வெல்வெட் பெட்டி திறந்தது. ரசமட்டம் மேஜைமேல் உட்கார்ந்தது. குமிழ் நடுக்கோட்டைத் தாண்டி முன்முனைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"இப்ப திருப்பி வையுங்க. முனை மாத்தி."

அழகியநம்பியின் கை அசையவில்லை. திரவியமே அதை எடுத்துத் தலைமாற்றி வைத்தார். குமிழ் மறுபடியும் அதே முன்பக்கத்துக்கு ஓடியது.

"மூணு வருஷம் கரண்டி பிடிச்சவன் சார் நான். எந்தக் கொத்தனும் ரசமட்டத்தை ஒரு வாட்டி வச்சுப் பாத்துட்டு எடுக்க மாட்டான். திருப்பி வச்சுப் பார்ப்பான். குறுக்கே வச்சுப் பார்ப்பான். ரசமட்டமே பொய் சொல்லுதான்னு தெரிஞ்சுக்க அது ஒண்ணுதான் வழி. நாப்பது வருஷம் இன்ஜினீயரா இருந்தவரு இன்னைக்குக் காலையில ஒரே ஒரு வாட்டி, ஒரே ஒரு திசையில வச்சாரு. திருப்பல. குறுக்கே வைக்கல. திருப்பியிருந்தா குட்டு வெளிப்பட்டிருக்கும்."

ஜட்ஜ் எழுந்து மேஜையருகே வந்தார். முகம் சிவந்திருந்தது. "காலைல குமிழ் நடுவில நின்னது. ஞான் கண்டதாக்கும். என்னை விளிச்சுக் காட்டினதும் இவர்தான்."

"இதே மேஜை, இதே இடம், இதே கட்டை. குறிப்பு அதைச் சொல்லுது. அப்ப மட்டம்னு சொன்ன ரசமட்டம், இப்ப மட்டமில்லேன்னு சொல்லுது. காலையில கட்டைக்கு ஏத்தபடி பொய் சொல்லத் திருகினதை, சோதிச்சாத் தெரியாம இருக்க நடுவுல ஒருத்தர் மறுபடி திருகிச் சரி பண்ணியிருக்காரு. முனையில இருக்கற திருகாணியைப் பாருங்க. மேல பூசின அரக்கு உதிர்ந்து, பித்தளை புதுசா மின்னுது. காலையிலிருந்து இந்தப் பெட்டி இவர் கையை விட்டு வேற யார் கைக்கும் போகல."

"காரணம்? எனக்கு என்ன காரணம்?" அழகியநம்பியின் குரலில் மென்மை போய்விட்டது. "நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை!"

முன்வரிசை நாற்காலி கிறீச்சிட்டது. பொன்னம்மை எழுந்து நின்றிருந்தாள். அவள் பார்வை மேஜைமேல் திறந்து கிடந்த வெல்வெட் பெட்டியில் இருந்தது.

"அவரு சொன்ன அதே பெட்டி" என்றாள். "இதைத்தானே கொண்டு வந்தீரு? மட்டமா இருக்கு, தைரியமா ஓட்டுன்னு அவருகிட்டச் சொன்னது நீருதானே?"

அழகியநம்பி குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். மானேஜர் வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு திருப்பல் போதுமாயிருந்தது. கிழவர் நாற்காலியில் சரிந்தார்.

"கையை நீட்டலாம்னு எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றார். "எதிர் எடை கூட்டணும்னும் அதில எழுதினேன். இவர் கூட்டிட்டேன்னார். நம்பினேன்."

"எடைப் பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?" என்றார் திரவியம்.

"...இல்லை."

"பின்பாதம் எழும்புதுன்னு டிரைவர் சொன்னாரே, தூக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

"டிரைவர்கள் எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்." அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "விசாரணைக்கு என்னையே கூப்பிட்டப்போ மறுத்திருக்கணும். நாப்பது வருஷப் பேரு, தம்பி. ஒரே நாளில போயிடுமேன்னு..."

"அவருக்கும் ஒரு பேரு இருந்தது!" திரவியம் கத்தினார். காலையிலிருந்து அடக்கியது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வெடித்தது. "உங்க பேரைக் காப்பாத்த, செத்துப்போனவன் பேருல அஞ்சு சாவை எழுதப் பாத்தீங்க. மிச்ச நாலு பேரு யாரு, என்ன பேருன்னாவது தெரியுமா? வேலை பாக்குற இடத்துக்குப் போய் மட்டம் பாத்தீரே, பெட்டியைத் திறந்து எடையைப் பாத்தீரா? பத்து நிமிஷ வேலை!"

ஜட்ஜ் அவரை அடக்கவில்லை.

கட்டைகளை உருவி எடுத்து, முத்திரையை உடைத்துக் கண்ணாடிக் கூட்டைத் தூக்கினார்கள். ரசமட்டத்தைத் திரவியம் நான்கு தடவை வைத்துப் பார்த்தார். ஸ்ரீனிவாசன் மறுபடியும் குண்டுகளைப் போட ஆரம்பித்தார். இருபது. இருபத்தொன்று. கொக்கின் பின்பாதம் ஒரு மயிரிழை எழும்பிற்று. வேலப்பன் சொன்னது அதைத்தான். இருபத்திரண்டாவது குண்டு விழுந்ததும் கொக்கு மெல்ல முன்னால் குனிந்து, பலகை அதிரக் கவிழ்ந்தது.



அழகியநம்பியைக் கான்ஸ்டபிள் எழுப்பினான். குற்றாலலிங்கம் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். திரவியம் குறுக்கே நின்றார்.

"நீரும் வண்டியில ஏறும். எடை கூட்டிட்டேன்னு பொய் சொன்னதுக்கும், ஒன்பது நாளுல இரும்பை வித்ததுக்கும் ஸ்டேஷன்ல உட்கார்ந்து பதில் சொல்லணும். கவலைப்படாதீரும், உட்கார நாற்காலி தருவேன்."

ஜட்ஜ் தாமே பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதைப் பொன்னம்மைக்குப் புரியும்படி வாசித்துக் காட்டினார். டிரைவர் வேலப்பனிடம் யாதொரு குற்றமும் இல்லை. அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார்.

வேதமாணிக்கம் கவிழ்ந்த மாதிரியை நிமிர்த்தி, வளைந்த கம்பியொன்றை நகத்தால் நேராக்கிக்கொண்டிருந்தார். பொன்னம்மை பக்கத்தில் வந்து முதன்முதலாக அதை உற்றுப் பார்த்தாள். கண்ணாடி வைத்த சின்ன அறை, அதற்குள் நெம்புகோல்கள், தோல் ஒட்டிய சின்ன இருக்கை.

"எல்லாம் வச்சிருக்கீரு. ஆளைக் காணலியே" என்றாள்.

"நேரம் கெடைக்கல." வேதமாணிக்கம் தலை குனிந்தார். "பொருட்காட்சியில வைக்கக் கேட்டிருக்காங்க. ஈயத்துல ஒரு டிரைவர் செஞ்சு இருத்தலாம்னு..."

"வேண்டாம்" என்றாள் பொன்னம்மை. "இதுக்குள்ள இனி ஒருத்தனையும் இருத்தாதீரும்."